மணலில் படுக்க 1,500 ரூபாயா? பழவேற்காட்டில் டென்ட் போட்டவளின் கணக்கு

"மொட்டைமாடியில பாய் விரிச்சுப் படுடின்னா கொசு கடிக்குதுங்கிற. 1,500 ரூபா கொடுத்து மணல்ல போய்ப் படுத்துட்டு வந்திருக்க!"

தலையெல்லாம் மணலும் உப்புக்காற்றின் பிசுபிசுப்புமாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கொடுத்த வரவேற்பு இது. "அம்மா, அதுக்குப் பேரு கேம்பிங். நட்சத்திரம், கடல் சத்தம், கேம்ப் ஃபயர்..." என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ராத்திரி பாத்ரூமுக்கு என்ன பண்ணீங்க?"

"பக்கத்துக் குப்பத்துல ஒரு அக்கா வீட்டுக்குப் போனோம்."

"அவங்களுக்கு என்ன கொடுத்த?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்த வாரக் கதை.

தலைக்கு 1,500

கடந்த ஜனவரியில், இன்ஸ்டாவில் ஒரு ரீல்ஸ் பார்த்து நானும் என் தோழிகள் ஐந்து பேரும் புக் செய்தோம். பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையில் இருக்கும் மணல் திட்டில் ஒரு ராத்திரி. டென்ட், மீன் வறுவல், பாட்டு, காலையில் பூநாரை தரிசனம். எல்லாம் சேர்த்து தலைக்கு 1,500 ரூபாய். ஜிபேயில் அனுப்பினால் வேலை முடிந்தது.

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாக வேன் போனது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில் போட்டோ எடுத்தோம். பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல். அங்கே ஒரு சவுக்குத் தோப்பு. தோப்புக்கு முன்னால் மணலில் வரிசையாக டென்ட்கள். மொத்தம் 20 பேர் இருந்தோம்.

எல்லாமே நன்றாகத்தான் இருந்தது, ராத்திரி 11 மணி வரைக்கும். அப்போதுதான் பெண்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம் வந்தது. ஏற்பாட்டாளர் தம்பியிடம் கேட்டால், "அதோ, அந்த லைட் தெரியுதுல்ல சிஸ்டர்? அங்க வீடுங்க இருக்கு. கேட்டா விடுவாங்க" என்றார் கூலாக.

செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஆறு பேரும் நடந்தோம். நாய் குரைத்தது. ஒரு அக்கா தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. "வாங்கம்மா, பின்பக்கமா போங்க" என்றார். குடத்திலிருந்து பக்கெட்டில் தண்ணீர் ஊற்றினார். ஒருத்தி முடித்து வர, இன்னொரு குடம். கடலுக்கும் உப்பு ஏரிக்கும் நடுவில் இருக்கிற ஊரில் ஒரு குடம் நல்ல தண்ணீர் என்றால் என்ன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

காலையிலும் அதே வீடு. டீ வேறு போட்டுக் கொடுத்தார். காசை நீட்டியபோது, "ஊட்டுக்கு வந்த புள்ளைங்ககிட்ட காசு வாங்குவாங்களா?" என்று சிரித்தார். நாங்களும் 'தேங்க்ஸ்க்கா' சொல்லிவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அம்மா கேட்ட பிறகுதான் கணக்குப் போட்டேன். 20 பேர், தலைக்கு 1,500. மொத்தம் 30,000 ரூபாய். அதில் வேன்காரருக்கு ஒரு பங்கு, சாப்பாட்டுக்கு ஒரு பங்கு, ஏற்பாட்டாளருக்கு ஒரு பங்கு. தோப்புக்காரருக்கு டென்ட் கணக்கில் ஒரு தொகை கொடுப்பதாக அந்தத் தம்பியே வேனில் சொன்னார். ராத்திரியில் கதவைத் திறந்த அக்காவுக்கு? பூஜ்யம்.

சரி, இலவசமாகவே போகலாம்!

'இடைத்தரகருக்கு ஏன் காசு? நாமே டென்ட் வாங்கிப் போனால் என்ன?' என்று அடுத்த மாதமே கிளம்பினோம். இந்த முறை ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஆன்லைனில் வாங்கிய இரண்டு டென்ட், பிரெட், ஜாம், 10 லிட்டர் தண்ணீர் கேன். தோப்புக்காரர், ஏற்பாட்டாளர் யாரும் கிடையாது. கடற்கரை எல்லோருக்கும் பொதுதானே?

இருட்டுகிற நேரத்தில் ஓர் அருமையான இடம் கிடைத்தது. முள் இல்லை, கல் இல்லை. யாரோ எங்களுக்காகவே தட்டிச் சமப்படுத்தி வைத்த மாதிரி இருந்தது. டென்ட் அடித்துப் படுத்துவிட்டோம்.

விடியற்காலை 4 மணிக்கு டென்ட் துணியில் வெளிச்சம். "யம்மா... எந்திரிங்கம்மா. போட்டு எறக்கணும்."

வெளியே எட்டிப் பார்த்தால், தலையில் டார்ச் லைட் கட்டிய ஏழெட்டுப் பேர். எங்கள் டென்ட்டுக்குப் பின்னால் ஒரு ஃபைபர் படகு. அந்த இடம் ஏன் அவ்வளவு சமமாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. தினம் தினம் படகை இழுத்து இழுத்துச் சமமான மணல் அது. அவர்கள் கடலுக்குப் போகிற வாசலில் நாங்கள் டென்ட்டை அடித்து வைத்திருந்தோம்.

என் நண்பன் ஒருவனுக்குத் தூக்கம் கலைந்த கோபம். "அண்ணா, இது கவர்ன்மென்ட் இடம்தானே?" என்றான்.

அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "கவர்ன்மென்ட் எடந்தான் தம்பி. ஆனா, கவர்ன்மென்ட்டா வந்து போட்டு தள்ளப்போவுது?" என்றார்.

வாயை மூடிக்கொண்டு டென்ட்டைப் பிரித்தோம். படகைத் தள்ளக் கை கொடுத்தோம். அதற்குள் அவர்களுக்கு அரை மணி நேரம் போய்விட்டது. நமக்கு அது அரை மணி நேரத் தூக்கம். அவர்களுக்கு அன்றைய மீன்.

ஆக, காசு கொடுத்துப் போனபோதும் தப்பு நடந்தது. கொடுக்காமல் போனபோதும் தப்பு நடந்தது. அப்படியென்றால் சரி எது?

அந்த மணல் யாருடையது?

ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் தேடினேன். பழவேற்காடு மாதிரி ஓர் இடத்தில் 'நில உரிமையாளர்' என்று ஒரே ஒரு ஆளைக் கைகாட்ட முடியாது.

சவுக்குத் தோப்பு, பனந்தோப்பு போன்றவை பட்டா நிலமாக இருந்தால், அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. அவர் அனுமதி இல்லாமல் அங்கே டென்ட் போட்டால் அது அத்துமீறல். அவர் வாடகை கேட்டால் அது நியாயம். இதில் குழப்பம் இல்லை.

ஆனால் தோப்பின் வேலியைத் தாண்டிய மணல்வெளி அரசுப் புறம்போக்கு. பட்டா யாருக்கும் கிடையாது. தோப்புக்காரர் அதை வாடகைக்கு விட முடியாது. ஆனால் எங்கள் டென்ட்கள் இருந்தது அந்த மணலில்தான்!

பட்டா இல்லை என்பதால் அது வெறும் இடமாகிவிடாது. கடற்கரைகளுக்கென்று 'கடலோர ஒழுங்குமுறை மண்டலம்' என்ற சட்ட அறிவிக்கை இருக்கிறது. அதன் புதிய வடிவம் 2019-ல் வந்தது. அதற்கு முந்தைய 2011 அறிவிக்கையே, கடலோர வரைபடம் தயாரிக்கும்போது மீனவ கிராமங்களையும், மீனவர்களின் பொதுச் சொத்துகளையும், மீன் காயவைக்கும் இடங்களையும் குறிக்கச் சொன்னது. 'பொதுச் சொத்து' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நம் கண்ணுக்கு வெறும் மணலாகத் தெரிவது, படகு ஏற்றும் இடமாகவும், வலை உலர்த்தும் இடமாகவும், மீன் ஏலம் போடும் இடமாகவும் இருக்கிறது. வீட்டுக்கு வாசல் எப்படியோ, குப்பத்துக்கு மணல் அப்படி.

மூன்றாவதாக ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவிலும் மீதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் வெளியாட்கள் அனுமதி இல்லாமல் நுழையவோ தங்கவோ கூடாது. ஆபத்து உண்டாக்கும்படி தீ மூட்டுவதும் குற்றம். 'ஏரிக்கரையோரம் கேம்ப் ஃபயர்' என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இதில் சட்டத்தைத் தாண்டிய ஒரு விஷயமும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடும் காலம். வெளிச்சமும் சத்தமும் இருந்தால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடலாம். பொரித்து வரும் குஞ்சுகளோ வெளிச்சத்தைக் கடல் என்று நம்பித் தப்பான திசையில் நகரும். பூநாரைகளைப் பார்க்க நாம் போகும் சீஸனும் ஆமைகள் வரும் சீஸனும் ஒன்றுதான்.

பாடு என்ற பழைய கணக்கு

அன்று விடிந்ததும் டீக்கடையில் ஒரு அண்ணன் எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். "தரையை விடுங்க. ஏரித் தண்ணியில கூட இஷ்டத்துக்கு வலை போட முடியாது. பாடு இருக்கு" என்றார்.

'பாடு' என்றால் என்னவென்று நான் கஷ்டப்பட்டுத் தேட வேண்டியிருக்கவில்லை. மீன்வள ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். விஷயம் எளிமையானது. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் பாடு அதிகம், மற்ற இடங்களில் குறைவு. எல்லோரும் நல்ல இடத்துக்கே ஓடினால் தினமும் அடிதடிதான். அதனால் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் மீனவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர். ஊருக்குள்ளும் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எப்போது எந்த இடம் என்று முடிவாகும். ஒருவருக்கு இன்று மோசமான இடம் விழுந்தால், நல்ல இடமும் ஒருநாள் அவரைத் தேடி வரும்.

தண்ணீருக்குப் பட்டா கிடையாது, வேலி போட முடியாது, காவல்காரர் இல்லை. ஆனாலும் யாருக்கு எந்த நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் மீனவர்கள் இதே மாதிரி சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு.

'பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்கு அள்ளிச் சீரழித்துவிடுவார்கள்' என்ற வாதத்தை, 1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர் பிரபலமாக்கினார். 'இல்லை, மக்களே விதி வைத்துக் காப்பாற்றவும் முடியும்' என்று உலகெங்கும் உள்ள மீன்பிடி ஊர்கள், பாசனக் கால்வாய்கள், மேய்ச்சல் நிலங்களை வைத்து நிரூபித்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

ஆனால் பாட்டை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடப் போவதில்லை. அதில் எல்லோருக்கும் இடம் இல்லை. ஏரியைச் சுற்றியுள்ள மற்ற பல ஊர்களுக்கு அந்த உரிமை கிடையாது. இதனால் பல ஆண்டுகளாகத் தகராறுகள் நடந்திருக்கின்றன. சேற்று நீரில் இறங்கிக் கையாலேயே இறால் துழாவிப் பிடிக்கும் இருளர் மக்களுக்கும் பாட்டில் பங்கு இல்லை. பெண்கள் பெயரில் பாடு கிடையாது. நமக்குக் கதவு திறந்த அக்கா அந்தப் பட்டியலில் எங்கேயும் வரமாட்டார்.

இருந்தாலும் பாட்டில் ஒரு பாடம் இருக்கிறது. 'இது யாருடைய இடம்?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இன்றைக்கு இது யாருடைய முறை?' என்று அது கேட்கிறது. டென்ட் போடப் போகிற நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

வெளிநாட்டில் இலவசம்தானே?

இந்தப் பேச்சை ஆரம்பித்தாலே நண்பர்கள் ஐரோப்பாவைக் காட்டுவார்கள். உண்மைதான். ஸ்வீடனில் யாருடைய காடாக இருந்தாலும், வீடுகளுக்குப் பக்கத்தில் இல்லாமல், சேதம் செய்யாமல் ஓரிரு ராத்திரி டென்ட் போட்டுக்கொள்ளலாம். அது அங்கே எல்லோருக்குமான உரிமை. ஸ்காட்லாந்தில் 2003-ல் இதற்கெனச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஸ்காட்லாந்தின் லோக் லோமண்ட் ஏரிக்கரைகளில் கூட்டமும் குப்பையும் தாங்க முடியாமல், 2017 முதல் மார்ச் - செப்டம்பர் மாதங்களில் பெர்மிட் வாங்கித்தான் சில இடங்களில் டென்ட் போட முடியும் என்று விதி வந்தது. எல்லோருக்கும் உரிமை என்று சொன்ன நாடே, ஒரு ஏரி தாங்காது என்று தெரிந்ததும் கட்டணம் வைத்தது.

இங்கிலாந்தின் டார்ட்மூரில் இது நேர்மாறாக நடந்தது. 'என் நிலத்தில் என் அனுமதி இல்லாமல் டென்ட் போடக் கூடாது' என்று ஒரு நில உரிமையாளர் வழக்குப் போட்டார். 2023 ஜனவரியில் அவர் ஜெயித்தார். அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டில் தோற்றார். கடைசியில் 2025 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 'டார்ட்மூர் பொது நிலங்களில் டென்ட் போட மக்களுக்கு உரிமை உண்டு' என்று முடித்து வைத்தது.

இந்த நாடுகளுக்கும் பழவேற்காட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் சண்டை பெரிய நிலச்சுவான்தாருக்கும் நடந்து வருகிறவருக்கும் இடையில். இங்கே நமக்கு எதிரில் நிற்பவர் நிலச்சுவான்தார் இல்லை, அதே மணலை நம்பிப் பிழைக்கிறவர். அங்கே 'இலவசம்' என்றால் பணக்காரரின் வேலியைத் திறப்பது. இங்கே 'இலவசம்' என்றால், சில சமயம், குடம் சுமந்தவரின் தண்ணீரை எடுத்துக்கொள்வது.

காசு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

அதுவும் இல்லை. 2021 ஜனவரியில் கேரளாவின் வயநாட்டில், மேப்பாடி பக்கம் காட்டை ஒட்டிய தனியார் இடத்தில் டென்ட்டில் தங்கியிருந்த 26 வயது ஆசிரியையை யானை தாக்கிக் கொன்றது. காசு கொடுத்துத் தங்கிய இடம்தான். அதன் பிறகுதான் மாவட்டம் முழுக்க டென்ட் முகாம்களுக்கு உரிமம் இருக்கிறதா, பாதுகாப்பு இருக்கிறதா என்று அதிகாரிகள் தேடிப் போனார்கள். உரிமையாளருக்குப் போகும் பணம் பாதுகாப்பாக மாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பழவேற்காட்டுக்கே ஒரு கறுப்பு நாள் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்களும் படகுக்குக் காசு கொடுத்தவர்கள்தான். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. இன்றும் யாராவது 'முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாமா?' என்று கேட்டால், தயவுசெய்து ஏறாதீர்கள்.

நல்ல உதாரணம் ஒன்றும் நம் ஊரிலேயே இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுடன் அரசே திட்டம் தொடங்கியது. ஆன்லைனில் பணம் கட்டிப் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். வழிகாட்டிகளாக இருப்பவர்கள் அந்தந்த மலைகளைச் சேர்ந்த பழங்குடியினரும் உள்ளூர்க்காரர்களும். நாம் கட்டும் பணத்தில் அவர்களுக்கு வருமானம் இருக்கிறது. ஏதாவது ஆனால் கேட்கவும் ஆள் இருக்கிறது.

மலைக்கு முடிந்தது கடற்கரைக்கு முடியாதா? கிராமமும் பஞ்சாயத்தும் வனத்துறையும் உட்கார்ந்து பேசி, 'இந்த இடத்தில் மட்டும், இத்தனை டென்ட் மட்டும், இந்த மாதங்களில் மட்டும்' என்று முடிவு செய்தால் போதும். இரண்டு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. சாப்பாடு கொடுப்பது, காவல் இருப்பது, சுத்தம் செய்வது எல்லாம் வீட்டுக்கு வீடு முறை. பாட்டில் விட்டுப்போன பெண்களுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் இந்த முறையில் முதல் இடம். முறை வைத்துப் பிழைப்பது எப்படி என்று அந்த ஊருக்கு நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அதுவரைக்கும் நாம் என்ன செய்யலாம்?

நான் இனிமேல் கடைப்பிடிக்கப் போவதைச் சொல்கிறேன். நீங்களும் முயற்சி செய்யுங்கள்.

பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். டென்ட் போடும் இடம் பட்டா நிலமா, மணல்வெளியா? யாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள்? கழிப்பறை எங்கே? ஊரில் யாருக்குப் பணம் போகிறது? 'அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்' என்று பதில் வந்தால், அந்தப் பணத்தை உங்கள் கணக்கிலேயே வைத்திருங்கள்.

இருட்டுவதற்கு முன் ஊருக்குள் போய், பெரியவர்களிடம் 'எங்கே தங்கினால் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை?' என்று கேளுங்கள். அவர்கள் 'வேண்டாம்' என்றால் அதுதான் பதில். சுத்தமாக, சமமாக இருக்கும் இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது யாரோ ஒருவரின் வேலை செய்யும் இடம்.

ஏரிக்கரையில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்காதீர்கள். கடற்கரையில் ஆமை சீஸனில் தீயும் ஸ்பீக்கரும் வேண்டாம். பாட்டில் உடைந்தால் பொறுக்காமல் நகராதீர்கள். அந்த மணலில் வெறுங்காலோடு படகு இழுக்கிறார்கள்.

ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. காலையில் போய் சாயங்காலம் திரும்பலாம். மீன் வாங்குங்கள். பெண்கள் பின்னும் பனையோலைக் கூடை வாங்குங்கள். பூநாரைக்கு டென்ட் தேவையில்லை, பைனாகுலர் போதும்.

யாராவது தண்ணீரோ டீயோ கழிப்பறையோ கொடுத்தால், அதற்குப் பணம் கொடுங்கள். 'வேணாம்மா' என்றால், அவர்களுக்கு என்ன உதவும் என்று கேளுங்கள்.

கடைசியாக அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். போன மாதம் டென்ட் இல்லாமல், ஒரு பகல் மட்டும் பழவேற்காட்டுக்குப் போனேன். கூடவே அம்மா! அந்த அக்கா வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். அம்மா வீட்டிலிருந்து அதிரசம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஐந்தே நிமிடத்தில் இருவரும் பல வருடம் பழகிய மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அக்கா, அன்னைக்கு நாங்க அப்படி வந்து தொந்தரவு பண்ணது உங்களுக்குக் கோபமில்லையா?"

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒரு நாளுன்னா கோபம் இல்லம்மா. வாரா வாரம் சனிக்கிழமை வந்து தட்டுறாங்க. பொண்ணுங்களாச்சே, இல்லன்னு சொல்ல மனசு வரல. தண்ணி எடுக்க நாந்தான் போவணும். காசு குடுன்னு எங்க வாயால கேக்கவும் முடியல. உங்களக் கூட்டியாறவங்க ஊருல வந்து, யாரு ஊட்டுக்கு எவ்வளோன்னு மொதல்லயே பேசிக்கிட்டா, நாங்களும் தொட்டியில தண்ணி ரொப்பி வெச்சிக்கினு, 'வாங்கம்மா'ன்னு சிரிச்சிக்கினே கதவத் தொறப்போம்ல?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னேரி நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்.

"இந்த ஊர்ல ஒரு ராத்திரி தங்கினா நல்லாத்தான் இருக்கும்டி. ஆனா அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி, பேசிட்டுத் தங்கணும்."

உங்கள் ஊர் ஆற்றங்கரையிலோ மலையடிவாரத்திலோ கடற்கரையிலோ இப்படி டென்ட்கள் முளைக்கின்றனவா? அங்கே ராத்திரியில் கதவைத் திறப்பது யார்? எழுதுங்கள், அடுத்த வாரம் பேசுவோம்.